பூட்டிய வீடும் கணக்கில் வரணும்: செட்டிநாட்டுப் பேரூராட்சி ஒன்றில் டெங்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில், கோவிட்டுக்கு அப்புறம் வந்த ஒரு ஐப்பசி, கார்த்திகையில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த மருத்துவ அலுவலரின் சம்மதத்தோடும், அவர் வைத்திருந்த குறிப்பேட்டைப் பார்த்தும் எழுதுகிறேன். புதிதாக வரும் அரசு மருத்துவர்களுக்கான மேலாண்மை, பொது சுகாதாரப் பயிற்சிகளில் நான் வகுப்பு எடுப்பதுண்டு. குறியீடு, விகிதம், மேற்பார்வை என்று பலகையில் எழுதிப் போடுவதெல்லாம் ஒரு தெருவில் இறங்கும்போது என்னவாக மாறுகிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பின்னணி

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாகணும், ஏனென்றால் இந்தக் கதையே வீட்டுக்குள்தான் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் பட்டாலை, வளவு, திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்து இறங்கும், பெய்கிற மழை அத்தனையும் உள்ளேதான் விழும். தண்ணீர் அரிதான சீமை என்பதால் அந்த மழையை அண்டாவிலும் கல்தொட்டியிலும் பிடித்து வைத்துக்கொள்வதற்கென்றே யோசித்துக் கட்டிய வீடுகள். ஆள் குடியிருந்த காலத்தில் அது பெரிய வசதி. இப்போது வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஆறேழு புள்ளி, அதாவது ஆறேழு குடும்பம், பங்காளிகள் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று வரும்போது வீடு திறக்கும், நாலு நாள் ஜேஜே என்று இருக்கும், மறுபடி பூட்டு விழும்.

மருத்துவ அலுவலர் பணியில் சேர்ந்து ஒரு வருஷம் சொச்சம் ஆகியிருந்தது. பயிற்சி முடித்து வந்திருந்தார். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது சமூக மருத்துவத்தை எல்லோரும் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு விடுகிறோம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்த பிறகுதான் பாதி வேலை அதுதான் என்று தெரிகிறது. ஓ.பி. பார்ப்பது ஒரு பக்கம். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஆய்வக நுட்புனர், மருந்தாளுநர் எல்லோரையும் வைத்து வேலை வாங்குவது இன்னொரு பக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் பணியாளர்கள் தினக்கூலிக்காரர்கள். அந்த ஊரில் கூலி கொடுப்பது பேரூராட்சி, வேலையைச் சரிபார்ப்பது சுகாதார ஆய்வாளர். இரண்டு எஜமானர்கள் இருக்கும் இடத்தில் படிவம் மட்டும் ஒழுங்காக வரும்.

முதலில் கண்ணில் பட்டது

ஐப்பசி இரண்டாம் வாரம் செவிலியர்தான் முதலில் சொன்னார். "மேடம், ஒரே தெருவுல மூணு பேருக்குக் காய்ச்சல், மூணாவது வீட்டுப் புள்ளைக்கு நேத்து ராத்திரிதான் ஆரம்பிச்சிருக்கு." ஓ.பி. பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருந்தது, தெருப் பெயர் இல்லை. அன்றிலிருந்து காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் தெரு, கதவிலக்கம், காய்ச்சல் தொடங்கிய தேதி மூன்றும் எழுதச் சொன்னார் மருத்துவ அலுவலர். சிகிச்சைக்கு வந்த தேதி இங்கே உதவாது, தொடங்கிய தேதிதான் வேண்டும். ஊரில் பாதிப் பேர் தனியார் கிளினிக்குக்குத்தான் போவார்கள் என்பதால் அங்கேயும், ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் நேரில் போய்க் கேட்டார். கடிதம் எழுதியிருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். நேரில் கேட்டதும் அன்று சாயங்காலமே பட்டியல் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் பேரூராட்சியின் வீட்டு வரிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு சார்ட் தாளில் தெருக்களைக் கையால் வரைந்து, காய்ச்சல் வந்த வீடுகளில் சிவப்புப் புள்ளி வைத்தார்கள். பன்னிரண்டு நாளில் 11 பேர். ஏழு புள்ளிகள் ஒரே தெருவில் வரிசையாக விழுந்தன. அது பெரிய வீடுகளின் பின்வாசல் திறக்கும் தெரு. அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்கிற குடும்பங்கள், அவர்கள் பிள்ளைகள். அனுப்பிய ரத்த மாதிரிகளில் ஐந்து பேருக்கு டெங்கு உறுதியானது. காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் வந்தவர்களுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலைசா, அதற்கு மேல் ஆனவர்களுக்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா என்று பிரித்துத்தான் அனுப்பினார்கள். நாள் தப்பி எடுத்தால் டெங்கு இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

படிவத்தில் இல்லாத கட்டம்

இவ்வளவு காய்ச்சல் இருக்கும் தெருவை ஒட்டி, அந்தப் பெரிய வீடுகளின் முகப்பு இருக்கும் முன்தெருவில் கொசுப்புழுக் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தார். வீட்டுக் குறியீடு 3-க்கும் கீழே. பார்த்த நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பதுதான் அந்தக் குறியீடு. 5-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆக, தாளைப் பார்த்தால் தெரு நன்றாக இருக்கிறது. ஊரில் எல்லோரும் சொன்ன காரணம் வேறு: பின்தெருக்காரர்கள் டிரம்மில் தண்ணீர் பிடித்து மூடாமல் வைக்கிறார்கள், அவர்களுக்கு அபராதம் போட்டால் சரியாகிவிடும்.

அவர் அபராதம் பற்றிப் பேசவில்லை. ஒரு பணியாளர் அம்மாவோடு முன்தெரு முழுக்க நடந்தார். 64 கதவு. அதில் 29 பூட்டு. அந்த அம்மா தெளிவாகச் சொன்னார்: "பூட்டுன வீட்டை எழுத இடம் இல்லைங்க மேடம், தொறந்த வீட்டைத்தான் எழுதுவோம்." 35 வீடு பார்த்திருக்கிறார்கள், ஒரு வீட்டில் புழு, குறியீடு 3-க்குள் வந்துவிட்டது. பொய்க் கணக்கு யாரும் எழுதவில்லை. 29 வீடுகள் வகுக்கும் எண்ணிலேயே இல்லை, அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒரு விகிதத்தை யாராவது நீட்டினால் மேலே இருக்கும் எண்ணைப் பார்க்குமுன் கீழே இருப்பதைப் பாருங்கள், அதில் யார் சேரவில்லை என்று கேளுங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் இருந்துவிடும். பகலில் கடிக்கும். பூட்டிய வீட்டு முற்றத்தில் பிறக்கிற கொசுவுக்குப் பக்கத்தில் கிடைக்கிற ஆட்கள் பின்வாசலை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள்தான். சார்ட்டில் புள்ளிகள் ஏன் அந்த வரிசையில் விழுந்தன என்பதற்கு இது பொருந்தி வந்தது, ஆனால் உள்ளே போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது.

முதல் வீட்டுக்குள்

ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் தன் மகளுக்கே காய்ச்சல் வந்திருந்ததால் மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்து வந்தார். ஆவணியில் அங்கே ஒரு சாந்தி நடந்திருக்கிறது. விசேஷத்துக்கு எடுத்த அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள், ஆனால் மூன்று அண்டா மட்டும் தாழ்வார ஓரத்தில் நிமிர்ந்தே இருந்தன. டார்ச் அடித்ததும் தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்து கீழே இறங்கின, மேலே கமா மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்கள் தொங்கின. கூட்டுப்புழு ஆகிவிட்டதென்றால் இரண்டொரு நாளில் கொசு. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வாயில் வேப்பஞ்சருகு அடைத்து ஒரு மூலையில் கணுக்கால் ஆழம் நின்றது. ஆட்டுரல் குழியில் புழு. விசேஷத்துக்கு வருகிறவர்களுக்காகப் புதிதாகக் கட்டிய கழிப்பறைகளின் ஃபிளஷ் தொட்டியைத் திறந்தால் அதிலும் புழு; ஆவணிக்குப் பிறகு யாரும் அதை அழுத்தவே இல்லை. கிணற்றுக்கு வலை இல்லை.

சுகாதார ஆய்வாளர் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் அந்த முற்றத்தில் நின்று, இத்தனை வருஷமாக நாம் டிரம்முக்கு மூடி போடச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம் என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புகை மருந்து அடிக்கச் சொல்லித்தான் வார்டு உறுப்பினர்கள் நெருக்கினார்கள். புகை பறக்கிற கொசுவை அப்போதைக்குக் கொல்லும், முற்றத்துப் புழுவைத் தொடாது, முட்டையிலிருந்து கொசு வர ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும் என்பதால் அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடும். மருத்துவ அலுவலர் அடிக்கவே மாட்டேன் என்று நிற்கவில்லை. காய்ச்சல் வந்த வீடுகளிலும் அவற்றைச் சுற்றியும் அடிக்க ஏற்பாடு செய்துவிட்டு, அதே கூட்டத்தில் சாவிப் பேச்சை எடுத்தார். உறுப்பினர்கள் கேட்டது ஒன்று நடந்ததால், அவர் கேட்டதற்கும் காது கொடுத்தார்கள். அலுவலக நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சட்டம் கையில் இருந்தது. 1939-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம், சென்னை மாகாணத்தில் இந்தியாவிலேயே முதலாவதாக வந்தது, கொசு உற்பத்தியாகும் இடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும் உள்ளே போய்ப் பார்க்கவும் அதிகாரம் தருகிறது. அதை முதலில் நீட்ட வேண்டாம் என்று முடிவு செய்தார். காரணம் நடைமுறை சார்ந்தது. பூட்டிய வீடுகளில் தேக்கும் பித்தளையும் பழைய சாமான்களும் இருக்கின்றன. திருட்டுப் பயம் இருக்கும் பகுதி. பூட்டைத் திறந்து போன பிறகு ஒரு குத்துவிளக்கு காணோம் என்று எந்தப் பங்காளியாவது சொன்னால் பழி விழுவது தினக்கூலி வாங்கும் பணியாளர் தலையில். அவர்களைப் பாதுகாக்காமல் உள்ளே அனுப்பக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். எனக்கு இந்த முடிவுதான் மொத்த நிகழ்விலும் முக்கியமாகப் படுகிறது; நல்ல மேலாண்மை என்று நாம் வகுப்பில் சொல்வது கடைசியில் கீழே இருக்கிறவர் தலைக்கு என்ன வரும் என்று முன்கூட்டி யோசிப்பதுதானே.

ஆகவே ஒரு ஒழுங்கு வைத்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கூடவே இருக்கணும். ஆய்வாளரும் இரண்டு பணியாளர்களும் மட்டும் போகணும், போகும்போதும் வரும்போதும் செல்போனில் வீடியோ எடுக்கணும். முற்றம், கிணறு, கழிப்பறை, கொல்லை, இவற்றைத் தாண்டி எந்த அறைப் பூட்டிலும் கை வைக்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி, பேரூராட்சிச் செயல் அலுவலரும் மருத்துவ அலுவலரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வெளியூர் வீட்டுக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். கோவில் கணக்குப் பார்க்கிற ஒரு பெரியவர் வழியாக அது குடும்பக் குழுக்களுக்குப் போனது.

அடுத்தது சாவி எங்கே இருக்கிறது என்ற பட்டியல். வரிப் பதிவேட்டில் இருப்பதெல்லாம் செத்துப் போனவர்கள் பெயர். செவிலியர்களுக்குத்தான் தெரிந்திருந்தது, எந்த வீட்டுச் சாவி யாரிடம் என்று. அதில் பல வீட்டுச் சாவி ஒரே ஆச்சியிடம் இருந்தது. மருத்துவ அலுவலர் அவரைப் போய்ப் பார்த்தார்.

"தெறக்கிறது பெருசில்ல டாக்டரம்மா. தெறந்தா வெளக்கேத்தணும். நெனச்ச நேரத்துக்கெல்லாம் தெறந்து மூடக் கூடாது."

"எப்ப ஆச்சி தெறப்பீங்க?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஆள விட்டுக் கூட்டி வெளக்கேத்துறதுதான். எல்லா வீட்லயும் அப்படித்தான்."

பணியாளர்களின் சுற்றில் அந்தத் தெரு வந்தது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்குப் பல பின்வாசல்கள் திறக்கிற விஷயம் படிவம் போட்ட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருத்துவ அலுவலர் மறுநாளே ஆய்வாளரோடு உட்கார்ந்து சுற்றை மாற்றினார், முன்தெருவும் பின்தெருவும் வெள்ளி காலை. வாரம் ஒரு முறை என்பது கொசுவின் வளர்ச்சிக் காலத்துக்குள் அடங்கும், அதனால் வெள்ளிதோறும் தண்ணீரைக் கொட்டினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. ஆச்சி இரண்டு நிபந்தனை போட்டார்: செருப்பை முகப்பிலேயே விட்டுவிடணும், படைப்பு வைக்கிற இடத்துப் பக்கம் போகக் கூடாது. இரண்டும் ஒழுங்குத் தாளில் ஏறின.

உள்ளே செய்த வேலை எளிது. அண்டாவைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பது. முட்டை பாத்திரத்தின் சுவரில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும் என்பதால் வெறுமனே கொட்டினால் போதாது. கொட்ட முடியாத கல்தொட்டிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கணக்கில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. கிணற்றுக்குப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன், அப்புறம் வலை. ஃபிளஷை வாரம் ஒருமுறை அழுத்திவிடச் சொல்லி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அங்கேயே செய்து காட்டினார்கள்.

எண் ஏறியபோது

முதல் வெள்ளியன்று 17 பூட்டிய வீடுகள் திறந்தன. அதில் ஒன்பதில் புழு. பழைய 35-ஐயும் சேர்த்தால் 52 வீட்டுக்கு 10, குறியீடு 19-க்கு மேல். ஆய்வாளர் தயங்கினார். இந்த எண்ணை மேலே அனுப்பினால் ஒரே வாரத்தில் 3, 19 ஆனது ஏன் என்று விளக்கம் கேட்பார்கள், மெமோ வந்தாலும் வரும். அவர் பயம் நியாயமானது.

மருத்துவ அலுவலர் எண்ணை மறைக்கவில்லை, தனியாகவும் விடவில்லை. அறிக்கையில் மூன்று கட்டம் போட்டார்: திறந்திருந்த வீடுகளின் குறியீடு, திறக்கப்பட்ட பூட்டு வீடுகளின் குறியீடு, இன்னும் திறக்காத வீடுகளின் எண்ணிக்கை. மாவட்டச் சுகாதார அலுவலரை ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின நாளே போனில் கூப்பிட்டு, நாளை இந்த எண் வரும், காரணம் இது என்று சொல்லிவைத்தார். கூட்டத்தில் கேள்வி வந்தபோது பதில் சொன்னது மாவட்ட அலுவலர்தான். அந்தக் கூட்டத்திலேயே பக்கத்துப் பேரூராட்சிகளிலும் பூட்டிய வீடுகளை எண்ணி எழுதச் சொன்னார்கள். கூட்டத்தில் முதல் தடவையாக அந்த எண்ணைக் கேட்டிருந்தால் மேலதிகாரிக்குத் தன் ஊழியரைத் தாங்கிப் பேச நேரம் இருந்திருக்காது. வருகிற கெட்ட செய்தியை நாமே முதலில் கொண்டுபோய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இளம் மருத்துவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

காய்ச்சல் பக்கம்

கொசு வேலை நடக்கும்போதே பின்தெருவில் தினமும் காய்ச்சல் முகாம். நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் ஒரே விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள்: காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, எங்காவது ரத்தக் கசிவு, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் உடனே வரணும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், மெடிக்கலில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

ஒரு எட்டு வயதுப் பையன். ஐந்தாம் நாள், காய்ச்சல் இல்லை. அம்மா சந்தோஷமாகத்தான் செவிலியரிடம் சொல்லியிருக்கிறார், இப்போ சூடு இல்லை, ஆனால் எழுந்திருக்கத்தான் மாட்டேங்கிறான், வயிறு வலிக்குது என்கிறான் என்று. செவிலியர் கையைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது. அவர் டெங்குவில் குறையும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் மருத்துவரை அழைத்தார், நாடி பார்த்து, திரவம் ஏற்றத் தொடங்கி 108-ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பையன் தேறி வந்துவிட்டான். இதில் முடிவெடுத்தது செவிலியரின் கைதான். எண்ணிக்கை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்ன ஆனது

கார்த்திகை பாதியில் பூட்டு வீடுகளில் பெரும்பாலானவை வெள்ளிச் சுற்றுக்குள் வந்துவிட்டன. மூன்றாம் வெள்ளியன்று புழு இருந்த வீடுகள் இரண்டு. தெருவில் புதுக் காய்ச்சல் குறைந்து, மார்கழிக்குள் நின்றுவிட்டது. உயிரிழப்பு இல்லை. இதெல்லாம் சாவியால்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் மழையும் ஓய்ந்தது, மழை ஓய்ந்தால் காய்ச்சலும் இறங்கத்தான் செய்யும். புழு குறைந்தது வேலையால் என்பதை மட்டும் கண்ணால் பார்த்தார்கள், ஏனென்றால் மழை பெய்துகொண்டிருந்த வாரங்களிலேயே அது குறைந்துவிட்டது.

நான்கு வீட்டுக்காரர்கள் பதிலே போடவில்லை. அவர்களுக்குச் சட்டப்படி நோட்டீஸ் போனது. ஒருவர் கோபமாகப் பேசிவிட்டு அடுத்த வாரம் சாவியைக் கூரியரில் அனுப்பினார். இரண்டு பேர் சொந்தக்காரர் மூலம் திறந்துவிட்டார்கள். கடைசி வீட்டில் பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கிறது, ஒருவர் திறந்தால் இன்னொருவர் ஆட்சேபிப்பார், யாரும் சாவி தரவில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் முற்றத்தில் தண்ணீர் தெரிந்தது. அந்த மழைக்காலம் முடியும் வரை அது தீரவில்லை.

மறுபடி செய்வதானால்

சாவிப் பட்டியலை ஐப்பசியில் தொடங்கியது தாமதம் என்பது மருத்துவ அலுவலரின் கருத்து, எனக்கும் அதே. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும், புரட்டாசியிலேயே பட்டியலும் ஒழுங்குத் தாளும் கையில் இருக்கணும், அண்டாக்களை மழைக்கு முன்னாலேயே கவிழ்த்துவிடலாம். விசேஷத்துக்கு மண்டபம், பந்தல் என்று பேரூராட்சிக்குத் தகவல் வரும்போதே, முடிந்த மறுநாள் அந்த வீட்டைப் பார்க்கும் வேலையையும் சுற்றில் சேர்த்துவிடலாம்.

வழக்கில் இருக்கும் வீட்டுக்கு நோட்டீஸை எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே நாளில் அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரையும் காவல் நிலையத்தையும் சாட்சியாக வைத்து முற்றம் வரை மட்டும் போவது என்று முன்கூட்டியே வருவாய்த் துறையோடு பேசி வைக்கணும். மழை நடுவில் அதற்கு நேரம் கிடைக்காது.

இன்னொன்று பணியாளர் கூலி. வெள்ளிச் சுற்றில் வேலை கூடியது, நாற்பது கிலோ அண்டாவை இருவராகத் தூக்கிக் கவிழ்த்தார்கள், கையுறை கூட முதலில் இல்லை. நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து கையுறையும் டார்ச்சும் வாங்கிக் கொடுத்தார் மருத்துவ அலுவலர். கூலி நாள் தள்ளிப் போவதை அவரால் மாற்ற முடியவில்லை, அது வேறு துறையின் கையில். இந்த வேலையைத் தாங்குகிறவர்களுக்கு மாதம் பிறந்ததும் கூலி வந்தாகணும் என்று ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கத்தான் வேண்டும்.

மருத்துவ அலுவலர் இப்போது மேற்படிப்புக்குப் போய்விட்டார். போகுமுன் சாவிப் பட்டியலின் ஒரு பிரதியைச் சுகாதார ஆய்வாளரிடமும் இன்னொன்றைச் செயல் அலுவலரிடமும் கொடுத்து, புது மருத்துவரை ஒரு வெள்ளிக்கிழமை ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போய் அறிமுகம் செய்துவைத்தார். எங்கள் பயிற்சியில் இப்போது அரை நாளை எடுத்து, பங்கேற்பவர்களை அவரவர் ஊர்ப் படிவத்தோடு வரச் சொல்லி, அதில் எந்த வீடு, எந்த ஆள் விடுபட்டிருக்கிறது என்று தேட வைக்கிறோம். வால்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் பகலில் ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதை எழுதிக் கொண்டுவந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சுற்று பொருந்துமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.